தானாகத் திரும்பாத ஸ்டியரிங்

நான் கையை எடுத்தேன். அன்றைக்கும் அதை மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வளைவில் ஜீப்பைத் திருப்பினேன். திருப்பிய பிறகு ஸ்டியரிங்கை விட்டேன். ஜீப் பனைமரத்தில் போய் மோதியது. இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு என் லைசென்ஸைப் பிடுங்கப் பார்த்தார்கள். மூன்றும் உண்மைதான். நடுவில் இருந்த நான்காவது வாக்கியத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. அதை எழுத வைக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோனில் ஏழு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். புதுச்சேரியில் அப்போது தெருவுக்கு ஒருவராவது என்னைப் போல இருந்தோம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய சமயத்தில் ஊர் திரும்பி, உப்பளம் பேட்டையில் குடியேறி, சாலை, பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தேன். கையில் இருந்தது பிரெஞ்சு லைசென்ஸ். நாங்கள் அதைப் பெர்மி என்போம். மடித்து மடித்துத் துணி போல ஆகிவிட்ட காகிதம். புது லைசென்ஸ் மாற்றித் தரும்வரை அது செல்லும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஏதாவது ஒரு குற்றம் எழுதப்பட்டால் புதியது கிடைக்காது, பழையதும் போய்விடும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

சைகோனில் எங்களுக்குப் பழக்கிய முறை இப்படி. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் பிடியைத் தளர்த்த வேண்டும். அது உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நேருக்கு வரும். நாமாகப் பிடித்து இழுத்து நேராக்கக் கூடாது. இதில் சோம்பேறித்தனமோ ஜம்பமோ கிடையாது. திரும்பி வருகிற விதத்தில் வண்டியின் உடம்பு தெரியும். டயரில் காற்று குறைந்தால் தூங்கி வழிந்துகொண்டு வரும். சக்கரம் திரும்புகிற கிங்பின் முளையில் கிரீஸ் வற்றியிருந்தால் பாதியில் நின்றுவிடும். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி நாங்கள் பிடியை விட்டுப் பார்ப்போம்.

எங்கள் அதிகாரிக்கு இது ஆகவே ஆகாது. மதராஸ் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் இன்ஜினீயர் அவர். வெயிலில் நிற்க அஞ்சாதவர், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று மற்றவனுக்குத் தெரிந்திருக்கும் என்பதை அவரால் தாங்க முடியாது. நான் கையைத் தளர்த்தும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து அதட்டுவார்.

“ரெண்டு கையாலயும் பிடிய்யா. இது என்ன சர்க்கஸா?”

“வண்டியே வரும் சார்.”

“வண்டி வரும், நாம போய்ச் சேருவோமா?”

ஒரு வருஷம் இதே பேச்சு. ஒருநாளும் வண்டி வராமல் இருந்ததில்லை. அதனால் எனக்கும் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சமயம் காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பங்களுக்குப் பாதை போடும் வேலை நடந்தது. மணலில் ஜீப் புதைந்துவிடும். இரண்டு தடவை மீனவர்கள் வலைக் கயிற்றைக் கட்டி, ஐலசா போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். இரண்டாம் தடவை அங்கிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரிக்கு மானம் போயிற்று. அடுத்த வாரமே ஏதோ ஒரு ராணுவ ஏலத்திலிருந்து லாரிக்கு உண்டான நான்கு பெரிய டயர்கள் வந்து இறங்கின.

யோசனையில் தப்பில்லை. மணலுக்கு அகலமான டயர்தான் நல்லது. ஆனால் அந்த டயர் ஜீப்பின் மட்காடுக்குள் நுழைய வேண்டுமானால் வண்டியைத் தூக்கியாக வேண்டும். பட்டறை மேஸ்திரி முன்னச்சைக் கழற்றி, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான்பட்டைகளில் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்து, திரும்பப் பூட்டினார். கடலூர்ப் பக்கம் இருபது வருஷம் லாரிக் கமான் கட்டியவர். அவர் கை பட்ட நட்டு கழன்று நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் ஜீப் வெளியே வந்தபோது தெருவில் நின்றவர்கள் அதற்கு யானைக்கால் ஜீப் என்று பேர் வைத்துவிட்டார்கள். யானைக்கால் நோய் மலிந்த நம் ஊரில் அந்தப் பேருக்கு விளக்கம் தேவையில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தேன். “ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் சார்” என்றேன்.

“நேத்தே பார்த்தாச்சு. ஏறு, நேரமாகுது” என்றார் அதிகாரி.

ஏறினேன். முத்தியால்பேட்டை தாண்டுவதற்குள்ளேயே ஸ்டியரிங் என்னிடம் ஏதோ சொன்னது. ஒரு விரலால் திருப்பலாம் போல லேசாக இருந்தது. அவ்வளவு தடித்த டயர் போட்ட வண்டியில் ஸ்டியரிங் கனக்க வேண்டுமே தவிர லேசாக இருக்கக் கூடாது. நேர் ரோட்டிலும் வண்டி இப்படியும் அப்படியும் அலைந்தது. அதிகாரிக்கோ ஒரே சந்தோஷம். “பார்த்தியா, வெண்ணெய் மாதிரி இருக்கு” என்றார். கோட்டக்குப்பம் தாண்டி ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. இடமும் வலமுமாக, தோள்பட்டை வரைக்கும் அடித்தது. வேகத்தைக் குறைத்த பிறகுதான் நின்றது.

“சார், முன்பக்கத்துல எதோ சரியில்ல. நிறுத்திப் பார்த்துடறேன்.”

“பெரிய டயர்னா அப்படித்தான் இருக்கும். உனக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்.”

பழக்கமில்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷம், காட்டிலும் சேற்றிலும் ஓட்டியவனைப் பார்த்துப் பழக்கமில்லையாம். நிறுத்தியிருக்க வேண்டும். இறங்கி, சாவியை அவர் மடியில் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வாயைத் திறக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

முந்திரித் தோப்பு ஓரமாக ரோடு இடது பக்கம் வளைகிற இடம். திருப்பினேன். கை தன் பழக்கப்படி தளர்ந்தது. ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. வராததோடு, தானாகவே இன்னும் உள்பக்கமாகத் திரும்பியது. எதிரே ரோட்டோரத்தில் தலையில் கூடையோடு ஒரு மீன்காரப் பெண் டவுன் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். இப்போது அந்தப் பக்கம் வெட்டித் திரும்பியது. ரோட்டைக் குறுக்கே தாண்டி வலது பக்கத்துப் பனைமரத்தில் மோதி நின்றோம்.

யுத்தகாலத்து ஜீப் என்பதால் எனக்கு இடப்பக்க சீட்டு, அதிகாரிக்கு வலப்பக்கம். அவருடைய வலது கை முறிந்துவிட்டது. எனக்கு உதட்டில் மட்டும் ரத்தம். மீன்காரப் பெண் கூடையை வீசிவிட்டுப் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். காரப்பொடி மீனும் சங்கராவும் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவள் எழுந்து நின்று என் வம்சத்தையே திட்டினாள். அவள் ஓரடி தள்ளி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. அந்த நினைப்பு பல வருஷம் போகவில்லை.

நான்காம் நாள் புகார் வந்தது. அதிகாரி ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லச் சொல்ல அவருடைய குமாஸ்தா டைப் அடித்தது. ஓடும் வண்டியில் டிரைவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார், இது அவருடைய வழக்கம், பல முறை கண்டித்தும் திருந்தவில்லை. இது வரைக்கும் உண்மை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் பொய்.

வண்டி எங்கே இருக்கிறது என்று பட்டறைக்கு ஓடினேன். அதற்குள் காரியத்தை முடித்துவிட்டார்கள். வளைந்த ராடை நிமிர்த்தி, மதராஸிலிருந்து டாம்பர் ஒன்றை வரவழைத்துப் பூட்டியிருந்தார்கள். டாம்பர் என்பது ஷாக் அப்சார்பரின் தம்பி. ஒரு குழாய்க்குள் எண்ணெயும் பிஸ்டனும் இருக்கும். ஒரு முனையை அச்சிலும் மறு முனையை ஸ்டியரிங் ராடிலும் மாட்டினால், சக்கரம் உதறப் பார்க்கும்போது எண்ணெய் அதைத் தடுத்து அமுக்கிவிடும். சைகோனில் பெரிய டயர் வண்டிகளுக்கு நாங்களே மாட்டியிருக்கிறோம். நல்ல சாமான். அதன் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை.

ஆனால் காய்ச்சல்காரன் வாயில் துணியை அடைத்துவிட்டு, பார், முனகவில்லை, குணமாகிவிட்டது என்று சொன்னால் எப்படி? உதறலைத்தான் டாம்பர் அமுக்கும். திரும்பி வராத ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டுவராது. எண்ணெய் இரண்டு பக்கமும் தடுப்பதால், வருகிற ஸ்டியரிங்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஜீப்பை நேர்த் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். உதறவில்லை. நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த உதறல். அதன் வாயையும் கட்டிவிட்டார்கள்.

குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். என்னுடைய கவனக்குறைவே விபத்துக்கு முழுக் காரணம், பெர்மியை ஒப்படைக்கிறேன், பட்டறையில் வாச்மேனாக வைத்துக்கொண்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன். இப்படி எழுதி, கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எனக்குப் பதிலாக என் நன்றியைக்கூட அவர்களே எழுதிவிட்டார்கள். தாளை மடித்து அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாள்.

“வாச்மேன் வேலை குடுக்கறாங்களாமே. கையெழுத்த போட்டுட்டு வர வேண்டியதுதானே?”

“போட்டா இனிமே வண்டியத் தொட முடியாது.”

“தொடலன்னா போவுது. ரோஷம் சோறு போடுமா?”

அவள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க கைய எடுத்தீங்களா, இல்லியா? அத சொல்லுங்க.”

“எடுத்தேன்.”

“அப்புறம் இன்னா?”

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை. என் சைக்கிளைச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அவளையும் வெளியே கூப்பிட்டேன். ஹேண்டில்பாரைத் தொடாமல் சீட்டை மட்டும் பிடித்து முன்னால் தள்ளினேன். சைக்கிள் நேராகப் போயிற்று. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கோணலாக்கிவிட்டுத் தள்ளினேன். இரண்டடிக்குள் அதுவே நிமிர்ந்துகொண்டது. பிறகு அதே சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஹேண்டில்பார் படக்கென்று மடங்கி சக்கரம் குறுக்கே விழுந்தது.

“முன்னால போறப்ப சக்கரம் பின்னாடியே இழுபட்டு வருது. அதனால நேரா நிக்குது. ஜீப்புலயும் சக்கரத்தைப் புடிச்சிருக்கற அச்சு கொஞ்சம் பின்பக்கம் சாஞ்சாப்ல இருக்கணும். அப்பதான் கைய விட்டா நேருக்கு வரும். இவங்க கழட்டி மாட்டனதுல அந்தச் சாய்வு முன்பக்கமா போயிருக்கு. பின்னால இழுத்த சைக்கிள் கணக்கா ஆயிருக்கு.”

அவள் சைக்கிளை வாங்கித் தானே இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். சந்தில் இருந்தவர்கள் எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

“இத எங்கிட்ட காட்டி இன்னா பிரயோஜனம்? சைக்கிள எடுத்துக்குனு அந்தப் பெரிய ஆபீசருகிட்ட போங்க. போட மாட்டேன்னு சொல்லிட்டீங்க இல்ல, இனிமே எங்கயும் போடக் கூடாது” என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தேன். அதிகாரிக்கு மேலே ஒரு பெரிய இன்ஜினீயர் இருந்தார். ஓய்வு பெறப் போகிற வயது, குரலை உயர்த்தாதவர். மூன்று நாள் அவர் அறை வாசலில் சைக்கிளோடு நின்றேன். பியூன் மூன்று தடவை விரட்டினான். மூன்றாம் நாள் அவரே வெளியே வந்து, “என்னங்க, சைக்கிள் ரிப்பேரா?” என்று கேட்டார். வராந்தாவிலேயே முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்கு வருகிறேன், எல்லோரும் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சாட்சிக்கு அந்த மீன்காரப் பெண்ணையும் வரவழைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் என் தலை தானாகக் குனிந்தது.

“நீ பார்த்ததச் சொல்லும்மா. இவர் கைய எடுத்தாரா?” என்று கேட்டார் அதிகாரி.

“எடுத்தாருங்க. ரெண்டு கையும்.” அவள் என்னை முறைத்தாள். “அப்பறம் புடிச்சி இஸ்தாரு. நல்லாத்தான் இஸ்தாரு. வண்டி சொன்ன பேச்சி கேக்கல.”

“அவ்வளவு போதும்” என்றார் அதிகாரி.

“போதாது” என்றார் பெரிய இன்ஜினீயர். ஜீப்பில் ஏறித் தானே உட்கார்ந்தார்.

பட்டறைக்குப் பின்னால் உப்பளத்து வெற்று மைதானம். மெதுவாக ஓட்டி, திருப்பி, கையை விட்டார். ஸ்டியரிங் விட்ட இடத்திலேயே நின்றது.

“டாம்பர் பிடிச்சுக்குது சார். புதுசுன்னா அப்படித்தான்” என்றார் அதிகாரி.

“அப்ப அதக் கழட்டிட்டுப் பாருங்க” என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு போல்ட்தான். கழற்றினார்கள். பெரியவர் மறுபடி ஓட்டினார். திருப்பிக் கையை விட்டார். ஸ்டியரிங் தானாகவே உள்பக்கம் வெட்டித் திரும்பி வண்டி சுழலப் பார்த்தது. இரண்டு கையாலும் தாவிப் பிடித்தார். நேராக்கி வேகமெடுத்தபோது ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் உதறத் தொடங்கியது. அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. திரும்பி வந்து இறங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடியில என்ன இருக்குன்னு பாருங்க” என்றார் மேஸ்திரியிடம்.

முன்னச்சும் கமான்பட்டையும் சேருகிற இடத்தில் ஒரு இரும்பு ஆப்பு இருக்கும். ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருக்கிற சின்னத் தகடு. அச்சின் சாய்வு அதில்தான் அடங்கியிருக்கிறது. மேஸ்திரி ஜாக்கி ஏற்றி, யூ போல்ட்டைத் தளர்த்தி, படுத்தபடியே சொன்னார்.

“எல்லாம் கரெக்டா இருக்குது சார். தடிப்பு பின்னால, மெலிவு முன்னால. இருவது வருஷமா இப்படித்தான் வெக்கறேன்.”

“லாரியில பட்டை அச்சுக்கு மேல உக்காந்திருக்கும் மேஸ்திரி. இதுல எங்க இருக்குது, பாருங்க” என்றேன்.

அவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இதுல பட்டை கீழ இருக்குது” என்றார், யாரையும் பார்க்காமல். “கீழ இருந்தா தடிப்பு முன்னால வரணும். கை அதுபாட்டுக்கு வெச்சிடுச்சி சார்.”

அன்று காலை வரைக்கும் அவர் மேல் எனக்கு எரிச்சல் கொஞ்சமல்ல. ஆப்பசைத்த குரங்கு என்று மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் அந்த எரிச்சல் போய்விட்டது. கை அதுபாட்டுக்கு வைத்துவிட்டது. என் கையும் அதுபாட்டுக்கு விட்டுவிட்டது. அந்த மீன்காரப் பெண்ணுக்கு முன்னால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆப்புகளைத் திருப்பி வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்தத் தடவை நான் ஓட்டினேன், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மைதானத்தின் கோடியில் முழுக்க ஒடித்துத் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் கனமாக, நிதானமாக, உள்ளங்கையை உரசிக்கொண்டு நேருக்கு வந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தில் லேசான உதறல் மட்டும் பாக்கி இருந்தது. “இப்ப மாட்டுங்க அந்த டாம்பரை” என்றேன். மாட்டியதும் அதுவும் அடங்கியது. இதற்கு மேல் ஒரு ஜீப்பிடம் நான் எதையும் கேட்கவில்லை.

மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பட்டறைப் புத்தகத்தைப் பெரியவர் புரட்டினார். டயர் மாற்றிய நாளில் அதிகாரி தன் கையால் எழுதியிருந்தார்: ஓட்டிப் பார்க்கப்பட்டது, சரி. பெரியவர் அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

“ஓட்டிப் பார்த்தீங்களா?”

“மேஸ்திரி சரின்னு சொன்னார்” என்றார் அதிகாரி.

“வண்டிக் கோளாறுன்னு எழுதி முடிச்சிடலாம். உங்க பெர்மிக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போகலாம்” என்றார் பெரியவர் என்னிடம்.

நான் விரும்பியது அதுதான். இத்தனை நாளும் அதற்காகத்தான் அலைந்தேன். ஆனால் வண்டிக் கோளாறு என்றால் என்ன? இரும்புக்கு வாய் கிடையாது என்பதற்காக எல்லோரும் சேர்ந்து அதன் தலையில் கட்டிவிடுவதா? பட்டறை வாசலில் அந்தப் பெண் இன்னும் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது, இந்தத் தடவை யார் மேல் என்றுகூடத் தெரியாமல்.

“ஒரு தாள் குடுங்க சார். நானே எழுதறேன்” என்றேன்.

தமிழில் எழுதினேன். எனக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது, கோணல் மாணலாக விழும். ஆப்பை மாற்றி வைத்தவர் மேஸ்திரி. ஓட்டிப் பார்க்காமலே ஓட்டிப் பார்த்ததாக எழுதியவர் அதிகாரி. ஸ்டியரிங் சரியில்லை என்று தெரிந்தும் கோபத்தில் வேகமாக ஓட்டிக் கையை விட்டவன் நான். இப்படி மூன்றே வரி. உரக்கப் படித்துவிட்டுக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

“இது ஃபைலில் போனா உங்களுக்கும் தண்டனை உண்டு” என்றார் பெரியவர்.

“இருக்கட்டும் சார். மூணு பேரும் போட்டாத்தான் அது செல்லணும். இல்லன்னா என் கையெழுத்தையும் அடிச்சிடுங்க.”

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மை டப்பாவைத் திறந்து, இடது பெருவிரலைத் தேய்த்து, என் பேருக்குக் கீழே அழுத்தி வைத்தார்.

அதிகாரி தன் தொட்டில் கையைக் காட்டினார். “எனக்கு வலது கை கட்டுல இருக்கு சார். கட்டுப் பிரிச்ச பிறகு போட்டுக்கலாம். இல்லன்னா குமாஸ்தா போடட்டும்.”

பெரியவர் யோசித்தார். அந்தத் தாள் அந்த அறையை விட்டு வெளியே போனால் பிறகு மூன்றாவது பேர் அதில் விழவே விழாது.

“புஸ்தகத்துல ஓட்டிப் பார்த்தேன்னு எழுதினது குமாஸ்தா இல்லீங்களே” என்றேன்.

அப்போது மேஸ்திரி, விரலில் மை காயாமலே, டப்பாவை மேஜை மேல் மெல்ல நகர்த்தி அதிகாரிக்கு எதிரில் கொண்டுபோய் வைத்தார்.

“இதுக்கு எடது கைதாங்க வேணும்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கிய மனிதர் அந்த டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது பெருவிரலை மையில் வைத்தார். எடுத்து, மேஸ்திரியின் ரேகைக்குப் பக்கத்தில் பதித்தார். நன்றாகவே விழுந்தது.

எனக்குப் பதினைந்து நாள் சம்பளமில்லாத லீவு என்று உத்தரவு வந்தது. மற்ற இருவருக்கும் அதே பதினைந்து நாள். தண்டனை ஆபீஸ் ஃபைலோடு நின்றது, லைசென்ஸில் எதுவும் எழுதப்படவில்லை; பெர்மி தப்பியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் போட்ட கையெழுத்து வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் அதைத் தனியாகப் போடவில்லை.